ஒத்துக்கொண்ட கூலி

"அவனாத்தானே ஒத்துக்கிட்டு வந்தான்? யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலையே!"

கூலி போதவில்லை என்ற பேச்சு எழும் இடத்திலெல்லாம் இந்தப் பதிலும் பின்னாலேயே வந்துவிடுகிறது. மெயின்லேண்டில் கேட்டிருக்கிறேன், அந்தமானில் இன்னும் அதிகம் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அபர்தீன் பஜார் பக்கம் சின்னதாக ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை நடத்துபவர், கப்பல் தாமதமான வாரத்தில் வெங்காயத்துக்கும் முட்டைகோசுக்கும் என்ன செய்வது என்று தவிப்பவர், தானும் ஒரு காலத்தில் தட்டு கழுவியவர், இதை மனதார நம்பித்தான் சொல்கிறார். அதனால்தான் இந்தப் பதிலைப் பொருட்படுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், சுற்றுலாக்காரர்களின் சாயங்காலம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. செல்லுலர் ஜெயிலில் ஒலி–ஒளிக் காட்சி பார்க்கிறார்கள். செக்கு இழுத்த கைதிகளின் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். பிறகு பசியோடு பஜாருக்கு இறங்கி வருகிறார்கள். அதிலிருந்து மூன்று மணி நேரம் கடைகளில் அடுப்பு அணைவதில்லை. பர்னர் இரைச்சலில் மாஸ்டருக்கு ஆர்டர் காதில் விழாது. சப்ளையர் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். மாஸ்டருக்குப் பின்னால், முகம் தெரியாத இடத்தில், ஹெல்பர் நிற்கிறான். கோஸ் அரிவது, கோழி கழுவுவது, சிலிண்டர் மாற்றுவது, பார்சல் கட்டுவது, கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் அவன் வேலை.

மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஹெல்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த புள்ளிகள். சில ஆறிக் கறுத்திருந்தன, புதிதாகப் பட்டதன் மேல் டூத் பேஸ்ட் தடவியிருந்தான். காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்று. வார லீவு கிடையாது.

"மாசம் எவ்வளவு தம்பி கிடைக்குது?"

"சாப்பாடு, தங்குற இடம் போக பதினோராயிரம்ண்ணே. வரும்போது கப்பல் டிக்கெட் அவங்க எடுத்தது, அதுல கொஞ்சம் இன்னும் கழியணும்."

"பிடிக்கலைன்னா ஊருக்குப் போயிடலாமே?"

"நடந்தா போக முடியும்ண்ணே?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. சென்னையிலிருந்து இந்தத் தீவு கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கப்பலில் இரண்டரை மூன்று நாள் கடல். சென்னையிலோ மதுரையிலோ முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடலாம். கையில் காசில்லை என்றால் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாவது ஊர் போய்ச் சேரலாம். இங்கே வேலையை விடுவதற்கே முதலில் காசு வேண்டும். தங்கும் இடமும் கடைக்காரருடையது என்பதால் வேலை போன அன்றே படுக்கையும் போய்விடும். 'இஷ்டமில்லை என்றால் போகலாம்' என்பதில்தான் ஒருவரின் சம்மதத்துக்கு மதிப்பே இருக்கிறது. போக வழியில்லாதவனின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்?

அவன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மாதம் 11,000 என்றால் நாளுக்கு 366 ரூபாய் சொச்சம், அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. சாப்பாடும் இடமும் கொடுக்கிறோமே என்பது அடுத்த வாதம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அன்றே இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கூலியை ரொக்கமாகத்தான் தர வேண்டும், பொருளாகத் தருவது வழக்கமாக உள்ள இடத்திலும் அரசு அறிவிக்கை மூலம் அனுமதித்தால்தான் அது செல்லும். வழக்கமான நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்குத் தனிக் கணக்கு உண்டு. இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. அந்த ஹெல்பருக்கு இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை.

அவனைப் போன்றவர்கள் போராட்டம் நடத்துவதும் லேசான காரியமில்லை. ஒரு கடையில் நான்கு பேர்; ஒருவன் தமிழ், ஒருவன் வங்காளி, ஒருவன் ஜார்க்கண்ட். சங்கம் வைக்கலாம் என்று யோசிக்கக்கூட ஓய்வு நேரம் வேண்டும். 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங் போன்ற கடைகளின் ஊழியர்கள் சுமார் 200 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அன்று அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அவர்கள் கேட்டது 15 டாலரும் சங்கம் வைக்கும் உரிமையும். இரண்டு மடங்கு கேட்கிறார்களே என்று பலர் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் நியூயார்க்கே 15 டாலருக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய ஃபாஸ்ட் ஃபுட் நிறுவனங்களின் கடைகளில் மணிக்கு 20 டாலர். அந்த 200 பேருக்கும் போக்கிடம் அதிகமில்லைதான். ஆனால் நகரத்தின் நடுத்தெருவில் நின்று கேட்டார்கள், கேமராக்கள் வந்தன. இங்கே ஒரு ஹெல்பர் வேலையை நிறுத்தினால் சுற்றுலாக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அதற்காக இந்தத் தீவுகளுக்குக் கூலிப் போராட்டமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. டி.ஆர்.எம். என்று சொன்னால் அந்தமானில் சின்னப் பிள்ளைக்கும் புரியும்: நிர்வாகத்திடம் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் மஸ்தூர்கள், ஏறக்குறைய 4,000 பேர். சாலை போடுவதிலிருந்து அலுவலகம் துடைப்பது வரை நிரந்தர ஊழியரின் அதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்பவர்கள். அப்படிச் செய்பவருக்கு, அந்தப் பதவியின் தொடக்கச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கும் அகவிலைப்படியும் தினக்கூலியாகத் தர வேண்டும் என்று மத்திய அரசே 1988-இல் உத்தரவு போட்டிருக்கிறது. ஏழாவது சம்பளக் குழுவின் அடிமட்டச் சம்பளம் 18,000; முப்பதில் ஒரு பங்கு 600, அதோடு அகவிலைப்படி. இதைப் பெறத்தான் அவர்களின் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வுக்குப் படியேறியது. 2022 டிசம்பரில் வந்த உத்தரவை நிர்வாகம் நிறைவேற்றவில்லை என்று, 2023 ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

பத்திரிகைகளுக்கு ஆளுநர் பெயரும் அபராதமும்தான் பெரிய செய்தியாக இருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தெருக்கூட்டும் மஸ்தூர் ஒருவர், தீவின் மிகப் பெரிய முதலாளியான நிர்வாகத்தைப் பார்த்து, 'நான் ஒத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன், ஆனாலும் இந்தக் கூலி தப்பு' என்று சொல்ல முடிந்தது. அவரும் ஒத்துக்கொண்டு வந்தவர்தானே!

இந்தத் தீவுகளின் வரலாறே கூலி இல்லாத உழைப்பில் தொடங்குகிறது. 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து காட்டை வெட்டவைத்தார்கள். செல்லுலர் ஜெயில் 1906-இல் எழுந்து முடிந்தது. அங்கே செக்கில் பூட்டிய கைதி ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தீர வேண்டும். 1918-இல் சோட்டாநாக்பூரிலிருந்து கூலிக்கு ஆள் கொண்டுவந்தார்கள். ராஞ்சி என்று இன்றும் அழைக்கப்படும் அந்த ஆதிவாசிகளின் பேரப்பிள்ளைகள் இங்கே பட்டியல் பழங்குடி அந்தஸ்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய அவர்களை 2004 சுனாமி அடித்தது. தோட்டத்தை நடத்திய அரசுக் கழகமோ, மரம் வெட்ட உச்ச நீதிமன்றம் 2002-இல் தடை விதித்ததில் வருமானம் இழந்து நொடித்தது. 2017-இல் அதை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அவர்கள் விட்டுவந்த மலையகத்தில், நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை எத்தனையோ மறியல்களைக் கடந்து 2021-இல்தான் அரசிதழில் ஏறியது. நிர்ணயித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அங்கே 'அரைப் பேர்', அதாவது அரை நாள் சம்பளம். செக்கு, ரப்பர் மரம், தேயிலைச் செடி எதுவானாலும் அளவைச் சொல்பவர் ஒருவர், உடம்பைக் கொடுப்பவர் இன்னொருவர்.

கைதியையும் ஃபாஸ்ட் ஃபுட் ஹெல்பரையும் ஒரே வரிசையில் வைப்பது மிகை என்று தோன்றலாம். அவனுக்குச் சங்கிலி இல்லை, சாட்டை இல்லை. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு 1982-இல் அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

அந்த வழக்கு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்கள் கட்டிய தொழிலாளிகளைப் பற்றியது. சட்டப்படி அவர்களின் தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு 8.25-ஐத்தான் கையில் கொடுத்தார்கள். தொழிலாளிகள் அதற்கும் ஒத்துக்கொண்டுதான் மண் சுமந்தார்கள். ஒரு ரூபாய்தானே என்று நீதிபதி பகவதி விட்டுவிடவில்லை. அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது; கட்டாயம் என்பது அடி உதையால் மட்டும் வருவதில்லை, பசியும் கதியின்மையும் ஒருவனை அதே அளவுக்குக் கட்டாயப்படுத்தும் என்றார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்கிறான் என்றால், ஏதோ ஒரு நிர்ப்பந்தம் இல்லாமல் அதைச் செய்யமாட்டான். ஆகவே அது கட்டாய உழைப்பு. அரசுக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் இது பொருந்தும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அடுத்த ஆண்டே ராஜஸ்தான் அரசு, பஞ்ச நிவாரண வேலைதானே, உதவியாகத் தருகிறோம், குறைத்துத்தான் தருவோம் என்று வாதாடியபோது அதுவும் எடுபடவில்லை.

இதைப் படித்தபின் கூலியைப் பற்றிய என் எண்ணமே மாறிப்போனது. குறைந்தபட்சக் கூலியை நாம் உழைப்புக்கான விலை என்றோ, ஏழைக்குச் செய்யும் தயவு என்றோதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு எல்லைக்கோடு. கோட்டுக்கு மேலே இருவர் பேரம் பேசலாம். ஒத்துக்கொண்டேன் என்ற வார்த்தைக்கு அங்கே பொருள் உண்டு. கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பேசுவது மனிதன் அல்ல, அவன் பசி. பசி கொடுத்த சம்மதத்தைக் காட்டி நியாயம் கேட்க யாருக்கும் உரிமையில்லை, கடைக்காரருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. 1933-இல் செல்லுலர் ஜெயிலில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் உண்ணாவிரதத்தில் உயிர் விட்டார்கள். அன்று கைதிகள் கேட்டவற்றில் தின்னத் தகுந்த சாப்பாடு இருந்தது, விளக்கு வெளிச்சம் இருந்தது, படிக்கப் புத்தகம் இருந்தது. எல்லாவற்றையும் இழந்தவர்கள்கூட, இதற்குக் கீழே இறங்கமாட்டோம் என்று ஒரு கோடு போட்டார்கள்.

அந்தக் கோடு எங்கே என்பதும் இருட்டில் தேட வேண்டிய விஷயமில்லை. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்துவிட்டது: ஆளுக்கு 2,700 கலோரி உணவு, நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விளக்கு, எரிபொருள். 1991-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம், முதுமைக்கு என்று இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. பண்டிகையைச் சேர்த்தார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் நாடு முழுமைக்கும் மத்திய அரசு சொல்லும் அடிமட்டக் கூலி 2019-இல் நாளுக்கு 178 ரூபாய்க்கு வந்தது. அரசு அமைத்த நிபுணர் குழுவே அதே ஆண்டு 375 வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுத்திருந்தது.

சின்னக் கடைக்காரர் எங்கே போவார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அது நேர்மையான கேள்வி. சரக்கெல்லாம் கடல் கடந்து வரும் ஊரில் லாபம் மெலிந்துதான் இருக்கும். ஒரு கடை மட்டும் கூலியை உயர்த்தினால் பக்கத்துக் கடையின் விலையோடு போட்டி போட முடியாது. அதனால்தான் இதை நல்ல மனசுக்கு விடாமல் எல்லாருக்கும் பொதுவான சட்டமாக்க வேண்டியிருக்கிறது. மூன்று ஹெல்பர்கள் உள்ள கடை, ராத்திரிக்கு 150 பிளேட் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கூட்டினால் பிளேட்டுக்கு 4 ரூபாய். ஜெயிலில் கண் கலங்கிவிட்டு வருகிறவர் அந்த நான்கு ரூபாயைத் தராமல் எழுந்துபோவார் என்று நான் நம்பவில்லை. மேஜையில் டிப்ஸ் வைத்து அதை ஈடுகட்ட முடியாது. டிப்ஸ் தருபவரின் மனசைப் பொறுத்தது.

2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள தொழில் என்ற பழைய வரம்பு அதில் இல்லை. எந்த வேலையானாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு. கூலி விகிதங்களை எழுதி வேலை செய்யும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. தீவு நிர்வாகம் நாளைக்கே செய்யக்கூடிய வேலை இது: கடை கடையாகத் தொழிலாளர் ஆய்வாளரை அனுப்பி, தமிழிலும் வங்காளத்திலும் ராஞ்சி மக்களின் சாத்ரியிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அந்த விகிதத்தை எழுதி, சமையலறைக்குள், ஹெல்பர் கோஸ் அரியும் மேடைக்கு எதிரே ஒட்ட வைப்பது, கப்பல் டிக்கெட்டுக்கு என்று எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவனிடமும், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில், கேட்டு எழுதிக்கொள்வது.