கடைக்காரருக்கு நாம் பட்ட கடன்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நான் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தேன். கடைவீதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய கடையில் மாதச் சாமான்களை வாங்கிக்கொண்டு வந்தவன், நேர் வழியை விட்டுப் பின்பக்கத்துச் சந்தில் நுழைந்தேன். நேர் வழியில், எங்கள் தெரு முனையில், அண்ணாச்சியின் மளிகைக் கடை இருக்கிறது. என் கையிலிருந்த பையிலோ பெரிய கடையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

சந்துக்குள் அண்ணாச்சியே எதிர்ப்பட்டார். சைக்கிளில் எண்ணெய் டின்னை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பையைப் பார்த்தார், பார்க்காதவர்போல், "உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா சார்?" என்று கேட்டார். "தேவலை" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் செய்தது குற்றமா? என் பணம்; எனக்குப் பிடித்த இடத்தில் செலவழித்தேன். பெரிய கடையில் துவரம் பருப்பு மலிவு, கல்லும் இல்லை. இதில் தவறு இல்லை என்றால் பையை ஏன் ஒளித்தேன்? நியாயமான காரியம் செய்கிறவன் சந்து வழியாக வரவேண்டியதில்லை அல்லவா?

முதலில் நன்றி என்று நினைத்தேன். 2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது என் வீட்டில் மாற்ற வழியில்லாத நோட்டுகள்தாம் இருந்தன. மறுநாள் காலை அண்ணாச்சி, "நோட்டு கிடக்கட்டும், பிள்ளைக்குப் பால் பவுடர் எடுத்துட்டுப் போங்க" என்றார். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடே கதவைச் சாத்தியபோது, திறக்க அனுமதித்த சில மணி நேரத்துக்குள் தெருவுக்கே படியளந்தவர் அவர்தான்.

ஆனால் நன்றி ஒன்றே விடை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அண்ணாச்சியும் லாபத்துக்குத்தான் கடை வைத்திருக்கிறார். வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணிடம் போய், "தெருக் கடையை ஆதரி, கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடு" என்று உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அந்த ஐந்து ரூபாய் அவளுக்குக் காய்கறி. அதுவும் தவிர, சின்னக் கடை என்பதாலேயே ஒருவர் யோக்கியராகிவிடுவதில்லை. எடையில் கைவைப்பவர்களும், தட்டுப்பாடு வந்தால் சரக்கைப் பதுக்குபவர்களும் எல்லா அளவுக் கடைகளிலும் உண்டு. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்ற வணிகரின் கடமையை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் வைத்தார்.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது காந்தியடிகள் 1916 பிப்ரவரியில் சென்னையில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. உன் கிராமத்து நாவிதரை விட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வரும் கைதேர்ந்த நாவிதரிடம் போகாதே என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. உள்ளூர்க்காரருக்குத் தொழில் போதாது என்றால் அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கற்றுவரச் செய். அதைச் செய்யாத வரையில் வேறொருவரிடம் போவது நியாயமல்ல என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கச் சொல்லவில்லை; குறையை நீக்க உதவு என்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. பருப்பில் கல் இருக்கிறது என்று நான் அண்ணாச்சியிடம் ஒரு நாளாவது சொன்னேனா? சொல்லாமல் விலகினேன். எங்கே குறை என்று அறியாமலே அவர் வாடிக்கையை இழந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இதை முந்தியே சொல்லக்கூடாதா சார்? மண்டியை மாத்திருப்பேனே" என்றார். "ஆனா எண்ணெய் விலையிலே அவங்களோட மோத முடியாது. அவங்க லாரிக் கணக்கிலே மில்லிலேயே எடுக்கிறாங்க. நான் ஒரு டின், ரெண்டு டின். அதுவும் ரொக்கம். விக்கிறதுதான் கடன்" என்றார்.

விக்கிறதுதான் கடன்! "என் கணக்கு என்ன?" என்று கேட்டேன். தயங்கி, பற்று நோட்டைப் புரட்டிக் காட்டினார். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். மூன்று மாதப் பாக்கி. அவருடைய முதலைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய கடையில் நான் ரொக்கம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். நான் ஒளித்தது பையை அல்ல, இந்தப் பாக்கியைத்தான்.

கஷ்ட காலத்தில் சிறு வியாபாரிகளை ஆதரிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். ஆதரவு பெரிய வார்த்தை. அதில் தருமம் செய்கிற தோரணை இருக்கிறது. முதலில் பாக்கியைத் தீர்ப்போம். குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லி, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்போம். ஐந்து ரூபாயைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கூடியவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருப்போம். இவற்றைச் செய்த பிறகு எங்கே வாங்கினாலும் நெஞ்சு குறுகுறுக்காது.

இப்போது பருப்பும் அரிசியும் அண்ணாச்சியிடம்தான். எண்ணெய் மட்டும் பெரிய கடையில் வாங்குகிறேன். அது அவருக்குத் தெரியும். பையை நேர் வழியிலேயே கொண்டுவருகிறேன்.