தோற்கும் உரிமை

வெல்ல முடியாத ஒருவரைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுத்தால், அது அநீதியாகுமா? 'எப்படியும் தோற்றிருப்பார், அவர் இழந்தது என்ன?' என்று கேட்பவர் உண்டு. தேநீர்க் கடைப் பேச்சுப்போல் தோன்றும் இவ்வினாவை நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி மெய்யாகவே சந்தித்தது.

ரந்தாவ், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிற்றூர். வாக்காளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். அவர்களுள் பலர் தோட்டத்துப் பால்மரம் சீவியோரின் வழிவந்தவர். 2004ஆம் ஆண்டு முதல் மந்திரி புசாராக விளங்கிய முகமது ஹசான் அத்தொகுதியில் மீண்டும் நின்றார். அவரை எதிர்க்க வந்தவர் மக்கள் நீதிக் கட்சியின் மருத்துவர் ஸ்ரீராம் சின்னசாமி. 2018 ஏப்ரல் 28, வேட்புமனு நாள். தேர்தல் ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லை என்று மருத்துவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். மனுவை ஏற்கும் நேரம் கடந்தது. முகமது ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது.

வழக்கு நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றி செல்லாது என்றது. 2019 பிப்ரவரி 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் நாள் இடைத்தேர்தல். முகமது ஹசான் 10,397 வாக்குகள் பெற்றார், மருத்துவர் 5,887. வேறுபாடு 4,510.

ஆக, 'எப்படியும் தோற்றிருப்பார்' என்றவர் சொல்லே மெய்யாயிற்றா? எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு ஆம். ஆனால் எண்ணிக்கை ஒன்றிருப்பதற்கே இடைத்தேர்தல் வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2018இல் வென்றவர் கையில் இருந்தது ஓர் அறிவிப்பு. 2019இல் இருந்ததோ பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் இசைவு. நீதிமன்றத்தால் பெரும்பயன் அடைந்தவர் தோற்ற மருத்துவரா, வென்ற முன்னாள் மந்திரி புசாரா என்று மாணவர் பட்டிமன்றம் நடத்தினால் பின்னவர் பக்கம் வலிமையாகவே இருக்கும்!

பதவியில் இருந்தவர் மீண்டும் வாக்குக் கேட்பது கணக்குக் காட்டுவதற்கு ஒப்பாகும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் சேர்க்கலாகாது என விதித்தது. மூன்றாண்டுக்குள் பொறுப்பு வகித்தவர்க்கும் இடமில்லை. விலக்கப்படுவோர் யார் என்பது கல்லிலே வெட்டப்பட்டிருந்தது. வாயிலுக்கு வந்தபின் எவரும் புதிதாய் அறிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆயினும் அக்கல்வெட்டைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையன்று. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனே குடவோலைக்குத் தகுதியுடையவன் என்பதும் அதே கல்லில்தான் உள்ளது. தோட்டத்து லயத்தில் குடியிருந்தவனுக்கு எந்த மனை சொந்தம்? கூரையும் தோட்டத்தினுடையது, வேலை போனால் வீடும் போகும். உத்திரமேரூர் விதியின்படி பார்த்தால், மலாயாத் தோட்டத் தமிழருள் பெரும்பான்மையோர் தலைமுறை தலைமுறையாக ஓலையில் பெயர் எழுதப்படாதவர்களே. கல்லில் வெட்டியதால் மட்டும் ஒரு விலக்கு நியாயமாகிவிடாது.

மலாயாவிலும் அவர்களை நிறுத்தியது பெரும்பாலும் ஒரு தாள்தான். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, கடல் கடந்து வந்தவர்கள் விண்ணப்பித்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுத்தறியாமலும், எடுத்துச் சொல்வாரின்றியும், அடுத்த ஆண்டு ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தாலும் பலர் வாளாவிருந்தனர். நீல அடையாள அட்டை பெற்றவர் குடிமக்கள். சிவப்பு அட்டையோடு நின்றவர் நிரந்தரவாசிகள் மட்டுமே. 1969க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பல்லாயிரவர் வாழ்நாளெல்லாம் உழைத்த மண்ணை விட்டுத் தமிழகம் திரும்பினர். எஞ்சியோரின் பேரப் பிள்ளைகளைக்கூடப் 'பெண்டாத்தாங்', அதாவது வந்தேறி, என்று அழைக்கும் வாய்கள் இன்றும் ஓயவில்லை.

இந்த வரலாறு உடையோர் வாழும் தொகுதியில், சீட்டு இல்லை என்று ஒருவர் வாயிலில் நிறுத்தப்பட்டது சிறு நிகழ்ச்சி ஆகாது. மருத்துவரைத் தடுத்த கை இனம் பார்த்துத் தடுத்தது என்று கூறுவதற்கில்லை. அவ்வாறு கூறுதல் முறையுமன்று. அவர் பெற்ற வாக்குகளும் ஓரினத்தாரின் வாக்குகள் மட்டும் அல்ல. சொல்லத்தக்கது வேறு. நின்று தோற்றவன் அந்நாட்டு மக்களால் எடைபோடப்பட்டவன். நிற்கவே விடப்படாதவன் எடைக்கல்லையே காணாதவன். 'வேண்டாம்' என்று மக்கள் சொல்வதும் ஒருவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றபின் சொல்லும் சொல்லேயாகும். அதனைச் சொல்லும் உரிமை மக்களுக்கு உரியது, வாயிற்காவலர்க்கு உரியதன்று.

ஆகவே, அநீதி யாருக்கு நேர்ந்தது என்ற வினாவில் வேட்பாளரை மட்டும் நோக்குவது போதாது. 2018 மே 9ஆம் நாள் அண்டைத் தொகுதிகளில் வாக்களித்தோர் நாடாளுமன்றத்துக்கு ஒன்றும் சட்டமன்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குச் சீட்டுகள் பெற்றனர். ரந்தாவ் மக்கள் ஒன்றே பெற்றுத் திரும்பினர். முகமது ஹசானை விரும்பியோரும் விரும்பாதோரும் அவ்வரிசையில் ஒன்றாகவே நின்றிருந்தனர். மற்றொரு சீட்டு அவர்கள் கைக்கு வந்து சேரப் பதினொரு மாதங்கள் ஆயின.