கழிநீர் வாய்க்காலும் கடமைப் பங்கும்

வீட்டுக்குள் வரும் நீருக்குக் காசு கொடுக்க நாம் தயங்குவதில்லை. வீட்டைவிட்டு வெளியேறும் நீருக்குக் காசு கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். சிறு நகரங்களில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வரும்போதெல்லாம், 'இதற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?' என்ற வினா எழுகின்றது. இது கட்டணத்தைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் நீதியைப் பற்றிய வினாவாகும்.

சென்னையை அடுத்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 34 கோடி ரூபாய்ச் செலவில் இத்திட்டத்தை மேற்கொண்டது. மானியத்தையும் கடனையும் மட்டுமே நம்பியிராமல், குழாய் பதித்து முடியுமுன்பே மக்களிடம் வைப்புத் தொகை திரட்டியது. குடியிருப்புக்கு 5,000 ரூபாய். வணிக நிலையத்துக்கு 10,000 ரூபாய். இணைப்புக்குப் பின் வீடொன்றுக்கு மாதம் 150 ரூபாய் என்பது ஏற்பாடு. 2011 இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. எனினும், பயன்பெறுவோரே பங்கு செலுத்துதல் என்ற அந்த முறை நம் சிந்தனைக்குரியது.

இம்முறை நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. வாய்க்காலைத் தூர்வாரும் செலவு யாரைச் சாரும் என்பதை 'ஹிதாயா' விரிவாகவே ஆராய்கின்றது. ஃபுராத் போன்ற பேராறாயின் செலவு பைத்துல்மாலைச் சாரும். அங்கே பொருளில்லையெனில், பொதுநலன் கருதி ஆட்சியாளர் மக்களைப் பணிக்கலாம். அப்போது உடல்வலிமை உள்ளவர் உழைக்க வேண்டும். உழைக்க இயலாத செல்வர் அவர்களுடைய செலவை ஏற்க வேண்டும்.

சிலருக்கே உரிய வாய்க்காலாயின், இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. தூர்வாரும் வேலை தன் நிலத்தைக் கடந்ததும் ஒருவரின் பொறுப்பு நீங்கிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அவர்களின் மாணாக்கர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும் அவ்வாறு கொள்ளவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அனைவரும் பங்குக்கேற்பச் செலவிட வேண்டும் என்றனர். ஏன்? மேல்நிலத்தாரிடம் மிகுந்துவிடும் நீர் கீழ்நிலத்தின் வழியாகத்தானே வடிய வேண்டும்!

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டம், கழிநீர் வாய்க்காலுக்குக் கணக்கைத் தலைகீழாக்கியது. நன்னீர் வாய்க்காலில் செலவு மேலிருந்து தொடங்கும். கழிநீர் வாய்க்காலில் கீழிருந்து தொடங்கும். அனைவர் கழிவும் கடைசி வீட்டின் வழியே செல்வதால், அப்பகுதியின் செலவில் அனைவருக்கும் பங்குண்டு. மேலே செல்லச் செல்ல, கீழே உள்ளவர் ஒவ்வொருவராக விடுபடுவர். யாருடைய அழுக்கை எந்த மண் சுமக்கின்றதோ, அந்த மண்ணுக்கு அவர் கடன்பட்டவர் என்பதே இதன் உட்பொருள்.

ஆகவே, 'எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது, இணைப்பு வேண்டாம்' என்று கூறும் வசதி படைத்தவர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தொட்டியிலிருந்து கசிவது அண்டை வீட்டாரின் கிணற்றைச் சேரக்கூடும். அதைத் துப்புரவு செய்ய உரிய பாதுகாப்பின்றி மனிதனை உள்ளே இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், நச்சுக்காற்றில் உயிர்கள் மடிவது நின்றபாடில்லை. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறியாதவர்களல்லர்.

நகராட்சிக்கும் கடமை உண்டு. பணி முடியுமுன் பெறும் பணம் அமானத் ஆகும். அதனை வேறு செலவுக்குத் திருப்புவதும், கணக்குக் காட்டாதிருப்பதும் நம்பிக்கை மோசமே.

எஞ்சி நிற்பது ஏழையின் வீடு. கட்டணம் செலுத்த இயலாத பத்து வீடுகள் தெருவில் விடுபட்டால், பணம் செலுத்தியவர் வாசலிலும் அந்நீர்தான் தேங்கும். இங்கே ஜக்காத் உதவுமா? ஹனஃபீ மத்ஹபின்படி ஜக்காத்தை ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுத்தாக வேண்டும். ஆதலால் அப்பொருளைக் கொண்டு நாமே குழாய் பதித்தல் கூடாது. ஆனால், தகுதியுள்ள ஏழையின் கையில் கொடுத்துவிட்டால், அவர் அதைக்கொண்டு தம் இணைப்புக் கட்டணத்தைச் செலுத்தத் தடையில்லை. வரும் ரமலானில் ஆடை வாங்கிக் கொடுக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கும் மஹல்லாவினர், இணைப்புப் பெறாத வீடுகளையும் அக்கணக்கில் சேர்ப்பார்களாக.