கரண்டியை எடு, தங்கச்சி!

காரைக்காலில் கட்டி இரண்டு மழை கண்ட புது வீடு ஒன்றின் வெளிச்சுவரைப் பார். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல். தூணும் செங்கலும் சேருமிடத்தில் நூல் பிடித்தாற்போல் இன்னொன்று. வீட்டுக்காரர் ராசியை நொந்துகொள்கிறார். மேஸ்திரி சிமெண்டைக் குறை சொல்கிறார். மணலைச் சலித்தவள் நீ. கலவை போட்டவள் நீ. பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் அடிக்காமல் விட்டார்கள் என்பதும் உனக்குத்தான் தெரியும். பிறகு ஏன் வாய் திறக்கவில்லை? ‘நான் வெறும் சித்தாள்தானே’ என்ற நினைப்பு! அதை முதலில் இடித்துத் தள்ளு.

உனக்குத் தெரிந்ததை ஒருமுறை எண்ணிப் பார். சிமெண்டை அள்ளிப் போட்டால் பூச்சு கெட்டிப்படும் என்பார்கள்; காய்கிறபோது அதிகம் சுருங்கி, வெடிப்பதும் அதுதான். வெளிப்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கிலிருந்து ஆறு பங்கு மணல் போதும். மணலில் சந்தேகமா? கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்புச் சேர்த்துக் குலுக்கி வை. சில மணி நேரத்தில் வண்டல் மேலே தனி அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு, கீழே நிற்கும் மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பச் சொல். கடல் மணல் கலந்திருந்தால் பேச்சே வேண்டாம். அதன் உப்பு பூச்சையும் கெடுக்கும், உள்ளே இருக்கிற கம்பியையும் தின்னும். செங்கல் சுவரை நனைக்காமல் பூசினால், கலவையின் தண்ணீரைச் செங்கல் குடித்துவிடும். தூணும் சுவரும் சேருமிடத்தில் இருபுறமும் அரை அடி படரும்படி கோழிவலை அடித்தாக வேண்டும். பூசிய பின் குறைந்தது 7 நாள் ஈரம் காயக்கூடாது. மேற்குப் பார்த்த சுவருக்கு ஈரச்சாக்கும் கட்டு.

விழுந்த விரிசலையும் நீ சரிசெய்வாய். பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னால் மறுத்துப் பேசு! முதலில் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டு. ‘டொப் டொப்’ என்று கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அதைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். பிறகு விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. காவிரிக் கழிமுகத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும்; அஸ்திவாரத்தைப் பார்க்க அங்கே பொறியாளர் வரட்டும். உடையவில்லையா? வாயகன்ற பள்ளமாக வெட்டி, தூசு தட்டி, நனைத்து, பாலிமர் சேர்த்த கலவையை அழுத்தி அடை. கம்பிப் போக்கிலேயே விரிசல் ஓடித் துருக்கறை வடிந்தால், கம்பி தெரியும்வரை கொத்தித் துருவைச் சுரண்டாமல் மேலே கலவை வைக்கவிடாதே. துரு ஊதும்; புதுப் பூச்சையும் தள்ளிவிடும்.

இன்னொன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் கையில் சிக்கினால் சிமெண்டோடு நெருங்காதே. அந்தச் சுவர் உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். அதற்குச் சுண்ணாம்புதான் மருந்து.

இவ்வளவும் அறிந்தவளுக்குச் சித்தாள் கூலி! இது நியாயமா? ஜார்க்கண்டில் ‘ராணி மிஸ்திரி’ என்ற பெயரோடு கிராமத்துப் பெண்கள் கரண்டி பிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் கழிப்பறைகளைக் கட்டி எழுப்பினார்கள். அவர்களுக்கு வந்த கை உனக்கு வராதா? சாரத்தில் ஏற உனக்குப் பயமா? சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் அதில் ஏறி இறங்குகிறவளே நீதான்! ரசமட்டம் பிடிக்கவும், மட்டப்பலகை இழுக்கவும் தேவை பழக்கம் ஒன்றுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓயட்டும். தை பிறந்து வெளிப்பூச்சு வேலை தொடங்கும் அன்று காலையில், சட்டியைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரியிடம் நேராகப் போ. “அண்ணே, பின்பக்கச் சுவரை எனக்கு விடுங்க. நான் பூசுறேன்” என்று கேள். ரசமட்டம் வைத்து அவரே பார்க்கட்டும். சரியாக இருந்தால், அன்று மாலையே கொத்தனார் கூலியைக் கேட்டு வாங்கு.