புள்ளைக்காகவாவது சாப்பிடு

இந்த வாக்கியத்தை நானே ஒரு மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டில் கருவுற்றிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த சத்து மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று கைப்பையிலேயே வைத்திருந்தாள். நான் சொன்னதும் விழுங்கினாள். சொல் பலித்ததில் எனக்குத் திருப்தி. ‘உனக்காகச் சாப்பிடு’ என்று சொல்லத் தோன்றவேயில்லை.

ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதில் 300 அளவுக்குச் சிசுவுக்கும் நஞ்சுக்கும் போகிறது. தாயிடம் குறைந்திருந்தாலும் நஞ்சு சிசுவுக்கானதை முந்தி இழுத்துக்கொள்ளப் பார்க்கும். இயற்கையே தாயைத் தியாகியாகப் படைத்திருக்கிறது என்று இதற்கு உரை எழுதுபவர்கள் உண்டு. நஞ்சு ஓர் உறுப்பு. அதற்கு அறம் கிடையாது. எல்லோரும் உண்டு எழுந்தபின் மிஞ்சிய ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்பவளின் குறையை இயற்கை ஏற்பாடு செய்யவில்லை.

அரசின் விதி பிரசவத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கர்ப்பத்தில் 180 நாள், பெற்றபின் 180 நாள், தினமும் 60 மில்லிகிராம் இரும்பு. இரண்டாவது 180-ஐ எந்த வீட்டில் யார் நினைவூட்டுகிறார்கள்? பூண்டும் கருவாடும் தேடித் தருகிறோம்தான், பால் ஊறவேண்டும் என்று. அங்கும் காரணம் அவள் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட, கர்ப்பமில்லாத பெண்களில் 57. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ், மற்றவர்களுக்கு 12-க்குக் கீழ் என்று அளவுகோல் வேறு என்பதால் நேராக ஒப்பிட மாட்டேன். ஆனால் பிள்ளை சுமக்காதவளிடம், இனிச் சுமக்கவே போகாதவளிடம், எந்தக் காரணத்தைச் சொல்லி மாத்திரையை நீட்டுவோம்?

அந்த மாணவி பெற்றுத் திரும்பி வந்தாள். இரண்டாம் மாடிக்கு நின்று நின்று ஏறினாள். “கைக்குழந்தைக்காரி, ராத்தூக்கம் எங்கே இருக்கும்” என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். கவிதை எழுதுகிறவள்தான் நானும். ‘தாய்மை’ என்ற சொல் ஒரு நோய்க்குறியை இவ்வளவு சுலபமாக மூடிவிடும் என்று அன்றுவரை அறியவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்தபின்தான் இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8-ஐத் தொடவில்லை.

பெற்றபின் தந்த மாத்திரைகளை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“அதான் புள்ள பொறந்துருச்சே, மேடம்” என்றாள்.