நல்லெண்ணமும் கோலிக்குண்டும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் விரிய மாட்டாமல் தவிக்கின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் சின்னஞ்சிறு மார்பு குழிந்து எழுகின்றது. தமக்குத் தெரிந்த நன்மையையெல்லாம் அதற்குச் செய்ய விழைகிறார் மருத்துவர். அவ்விழைவைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? ஆயினும் அந்த நல்லெண்ணமே பிள்ளைகளின் கண்ணொளியைப் பறித்த வரலாறு ஒன்றுண்டு.

1940-களில் மேலைநாட்டு மருத்துவமனைகள் இத்தகைய குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாக அளித்தன. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு உயிர்க்காற்று. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது? ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தனர். காரணம் விளங்காத அந்நாளில், நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்னும் மருத்துவரும் அவர்தம் தோழர்களும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தனர். பெரும்பாலோர்க்குப் பார்வை நிலைத்தது. வேறொருவராயின் அம்மருந்தை அப்போதே கொண்டாடியிருப்பார். அவர்களோ, மருந்தின்றியே இப்பிள்ளைகள் தேறியிருக்கக் கூடுமோ என ஐயுற்றனர். எந்தக் குழந்தைக்கு மருந்து, எதற்கு இல்லை என்பதைக் கோலிக்குண்டின் நிறமே தீர்மானிக்கட்டும் என்றனர். மருந்து பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். பெறாதோரில் ஐந்தில் ஒரு பங்கினரே. மருந்து பெற்றோரிடையே இறப்பும் மிகுதி. உண்மைக் குற்றவாளி மிகையான ஆக்சிஜனே என்பதை 1954-இல் மற்றோர் ஒப்பாய்வு காட்டியது.

இங்கேதான் நம் மனச்சான்று இடறுகின்றது. ஒரு பிள்ளையின் கண்ணைக் கோலிக்குண்டிடம் ஒப்படைப்பதா? மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கினர். ஆனால் அது இறைவனின் திருவுளம் அறிய. இதுவோ மனிதர் தம் அறியாமையை ஒப்புக்கொள்ளும் செயல். எது நல்லது என்று தெரிந்திருந்தும் குலுக்குவது கொடுமை. தெரியாமலே தெரிந்ததுபோல் மருந்தளிப்பதும் ஒரு சோதனையே அன்றோ? கணக்கு வைக்காத சோதனை, அவ்வளவுதான்.

ஆக்சிஜனைக் குறைத்ததோடு துயரம் தீரவில்லை. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 குழந்தைகள் மூச்சின்றி மடிந்திருக்கலாம் என 1973-இல் கென்னத் கிராஸ் கணித்தார். எவ்வளவு போதும் என்பதை அமெரிக்காவில் 1,316 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். குறைந்த அளவு பெற்றோரிடம் கண்நோய் குறைவு, இறப்போ அதிகம். பெற்றோர் கையொப்பமிட்ட தாள்களில் இந்த ஆபத்து தெளிவாக எழுதப்படவில்லை என்று 2013-இல் அந்நாட்டு அரசு அலுவலகமே குறைகண்டது. குறைகண்டது சரியே என்பேன். தன் அறியாமையை மருத்துவர் தமக்குள் ஒப்புக்கொண்டால் போதாது. பெற்றவளிடமும் சொல்ல வேண்டும்.

இதயத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. கருவில் நுரையீரலைத் தவிர்த்துச் செல்லக் குருதிக்கு வழிவிட்ட நாளம், பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதப் பிள்ளைகளிடம் அது திறந்தே நிற்பதுண்டு; குருதி நுரையீரலுக்குள் மிகையாகப் பாய்கின்றது. அதை விரைந்து மூட மருந்தளிப்பதே பலரின் வழக்கமாயிருந்தது. உடனே இபுபுரூஃபன் கொடுப்பதையும் பொறுத்திருந்து பார்ப்பதையும் ஒப்பிட்டு நெதர்லாந்து மருத்துவர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. பொறுத்திருந்ததால் விளைவு மோசமாகவில்லை.

ஆனால், "ஒன்றுமே செய்ய மாட்டீர்களா, டாக்டர்?" என்று கண்ணாடிப் பெட்டியருகே நிற்கும் தாய் கேட்கையில், காத்திருப்பதைவிட ஊசியைக் கையிலெடுப்பது எத்தனை எளிது!