பூப்பறித்தல்

ஜப்பானில் 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'உலகில் ஒரேயொரு மலர்' என்னும் பாடல் தனி இசைத்தட்டாக வெளிவந்து, அவ்வாண்டின் விற்பனையில் முதலிடம் பெற்றது. மக்கிஹாரா நொரியுக்கி இயற்றிய அதனை 'ஸ்மாப்' என்னும் ஐவர் குழு பாடிற்று. முதல்வனாக வேண்டுமென்று மனிதன் போட்டியிட வேண்டியதில்லை, ஒவ்வொருவனும் ஈடு இணையற்ற மலர் என்பதே அதன் கருத்து. மனிதனை அவன் பொருட்டே இறைவன் விரும்பினார் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்ததை அறிந்த நமக்கு இது அந்நியமானதன்று.

2016 சனவரியில் அக்குழு பிளவுறும் என்ற செய்தி பரவியது. உறுப்பினர் சிலர் தம் நிறுவனத்தைவிட்டு விலக எண்ணினர் என்றனர். அம்மாதம் 18ஆம் நாள், நாற்பது வயதை ஒட்டிய அந்த ஐவரும் கறுப்பு உடையணிந்து, தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரிசையாக நின்று, மக்களுக்குக் கவலை தந்தமைக்காகத் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டனர். எக்குற்றத்திற்காக? வேலையை விட்டு விலக எண்ணுவது பாவமா? ஈடு இணையற்றவன் என்று பாடலில் போற்றப்பட்ட மனிதன் அன்று வணிகச் சரக்காக நிறுத்தப்பட்டான் என்றே நாம் கருதுகிறோம்.

ரசிகர்களோ பதின்மூன்று ஆண்டுப் பழைய அத்தட்டையே மீண்டும் வாங்கத் தொடங்கினர். ஒருவரே பல படிகள் வாங்குவதும் உண்டு. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பூப்பறித்தல்'. விற்பனை 30 லட்சத்தை எட்டவேண்டும் என்பது குறிக்கோள். ஆண்டு முடியுமுன் எட்டியும் விட்டது.

முதலிடம் வேண்டாம் என்ற பாடலை எண்ணிக்கையால் உயர்த்துவது முரண் அன்றோ? வீண்செலவும் அன்றோ? பெத்தானியாவில் மரியா ஊற்றிய நறுமணத் தைலத்தை முந்நூறு தெனாரியமாகக் கணக்கிட்டவன் யூதாசு. மரியா கணக்கிடவில்லை. ரசிகர்களோ ஒவ்வொரு தட்டையும் எண்ணினர். வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. எனினும் அவர்கள் யாரை வெல்ல எண்ணினர்? எதிரே வேறு பாடல் எதுவும் இல்லை. விற்பனை எண்ணைத் தவிர வேறு மொழி அறியாத ஓர் உலகத்திடம், அவ்வுலகின் மொழியிலேயே அன்பு மன்றாடியது. நம் ஆலய விழாக்களில் நன்கொடைப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்கும் நாம் அவர்களை நகைப்பதற்கில்லை. ஆயினும் அக்காசு முழுவதும் சென்று சேர்ந்தது இசை வணிகத்தின் பெட்டிக்கே என்பது நமக்கு உறுத்துகிறது.

ஆகஸ்டு 14ஆம் நாள் குழு கலையும் என்று அறிவிக்கப்பட்டது. திசம்பர் 26 அன்று ஒளிபரப்பான தங்கள் இறுதி நிகழ்ச்சியில் ஐவரும் இப்பாடலையே பாடினர். ஐந்து நாள் கழித்து, ஆண்டின் இறுதி நாளில், குழு கலைந்தது.